இரண்டு சுழி வண்டி

ஜூன் 4

தம்பிக்கு,

உன் நம்பரை என் போனில் பிளாக் செய்துவிட்டேன். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்திருப்பாய், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போனில் உன் குரலைக் கேட்டால் எனக்குக் கோபம் தங்குவதில்லை. "நாளைக்குக் கண்டிப்பா ரெடி ஆயிடும்க்கா" என்று நீ இழுக்கிற அந்த "க்கா"வில் ஏமாந்துபோய், "சரிடா, சாப்டியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். வைத்த பிறகுதான் நீ ஒன்றுமே சொல்லவில்லை என்பது உறைக்கிறது. இனிமேல் எதுவானாலும் காகிதத்தில் எழுது. அதிலும் "நாளைக்கு" என்ற சொல் வரக் கூடாது. உன் நாளைக்கு எந்த மாதத்தில் வருகிறது என்று எந்தக் காலண்டரிலும் போடவில்லை.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். பொய் என்றால் சொல். பழைய கார் ஒன்று வாங்கலாம் என்று நான் வாய் திறந்ததுமே, "வெளியில எங்கயும் போகாதக்கா, எங்க ஷோரூமுக்கே ஒண்ணு வந்திருக்கு. ஒரு டீச்சர் ஓட்டினது. பள்ளிக்கூடம் விட்டா வீடு, வீடு விட்டா பள்ளிக்கூடம்" என்றாய். உன் மாமா அன்றைக்கே சொன்னார். "சொந்தத்துல வாங்கினா வாயைத் திறந்து கேட்க முடியாது. தெரியாதவன்கிட்ட வாங்கினா சண்டையாவது போடலாம்." நான் விட்டேனா? "என் தம்பி அங்க இருக்கிறப்ப நமக்கு என்ன குறை" என்று ஒரு மணி நேரம் உன் புகழ் பாடினேன். வண்டி வந்த முதல் வாரமே இரண்டாவது கியர் போடும்போதெல்லாம் உள்ளே யாரோ அண்டாவைத் தரையில் இழுக்கிற சத்தம். மேட்டில் ஏறும்போது கியர் தானாகக் கழன்று கொண்டது. கொண்டுவந்து உன்னிடம் விட்டேன். ரெண்டே நாள் என்றாய். அன்றைக்குக் குட்டிக்குப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. இப்போது லீவு முடிந்து, அடுத்த வகுப்புப் புத்தகத்துக்கு அட்டையும் போட்டாயிற்று.

நான் ஊர் சுற்றவா வண்டி வாங்கினேன்? ஸ்டேஷன் பக்கத்து ஹோட்டலில் தினமும் காலையில் என் கேக்கை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். ஆனால் ஏசி வண்டியில் வர வேண்டும், கிரீம் உருகாமல் வர வேண்டும், இந்த மாதக் கடைசிக்குள் ஆரம்பிக்க வேண்டும். வீட்டுப் பிறந்தநாள் கேக்குகளைத் தாண்டி என் சமையலறைக்கு வந்த முதல் பெரிய வேலை இது. அது உனக்கும் தெரியும்.

இன்னொன்று. நீ கொடுத்த சாவி உறையின் மேல் "அக்கா வன்டி" என்று எழுதியிருக்கிறாய். வருஷக்கணக்கில் வண்டி விற்றுப் பிழைக்கிறாய். வண்டிக்கு மூன்று சுழி ண் என்பது இன்னும் உனக்கு வரவில்லை. இதற்காக உன் காதை எத்தனை தரம் திருகியிருப்பேன்!

எப்போது கிடைக்கும்? அதை மட்டும் எழுது.

அக்கா

•

ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் பரீட்சை ஹாலில் இருக்கிற மாதிரி இருக்கிறது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள். காது உன் கைக்கு எட்டாத தூரத்தில் இருப்பது ஒன்றுதான் ஆறுதல்.

கியர்பாக்ஸை இறக்கிவிட்டார்கள். உள்ளே ஒரு பல்சக்கரம் தேய்ந்திருக்கிறது. ஆர்டர் போட்டோம். வந்தது, ஆனால் வேறு மாடலுக்கு உள்ளதாக வந்தது. அதைத் திருப்பி அனுப்பி, சரியானதைக் கேட்டு, அது வருவதற்குள் பெரிய மெக்கானிக் மாமனார் ஆபரேஷன் என்று லீவில் போய்விட்டார். அவர் இறக்கின கியர்பாக்ஸை இன்னொருவர் ஏற்ற மாட்டார். "அவரு போட்ட முடிச்சு, அவருதான் அவுக்கணும்" என்கிறார்கள். இதெல்லாம் சாக்கு மாதிரி இருக்கும். எழுதிப் பார்க்கும்போது எனக்கே அப்படித்தான் இருக்கிறது.

என் நிலைமையையும் கொஞ்சம் நினைத்துப் பார். நான் முன்பக்கம், கண்ணாடி ரூமில், டை கட்டிக்கொண்டு சிரிக்கிற ஆள். ஒர்க்‌ஷாப் பின்பக்கம். அது தனி ராஜ்யம். டை கட்டினவன் உள்ளே வந்தால் ரேடியோ சத்தத்தைக் கூட்டிவிடுவார்கள்.

ஆனாலும் நான் சும்மா இருந்துவிடவில்லை. மற்ற எல்லாக் காரிலும் முன் கண்ணாடியில் மஞ்சள் மெழுகுப் பென்சிலால் ஒரு நம்பர்தான் எழுதியிருப்பார்கள். உன்னுடையதில் மட்டும் நம்பரை அழித்துவிட்டு, என் கையாலேயே, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் "நம்ம வன்டி" என்று எழுதி வைத்திருக்கிறேன். இனி ஒருவரும் அலட்சியமாகக் கை வைக்க மாட்டார்கள். எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் தள்ளி நின்று பார்த்தேன். பெருமையாகத்தான் இருந்தது.

அடுத்த வாரத்துக்குள் முடிந்துவிடும். நீ சொன்ன அந்தச் சொல்லை நான் போடவில்லை, கவனித்தாயா?

மாமாவுக்கு என் வணக்கம். குட்டிக்கு முத்தம்.

தம்பி

•

ஜூன் 15

தம்பிக்கு,

உன் வணக்கத்தை மாமாவிடம் சொல்லவில்லை. அதற்குள் அவர் கையில் கேக் டப்பா இருந்தது.

உன் அடுத்த வாரம் வந்தேவிட்டது, வண்டிதான் வரவில்லை. இப்போது கேக் எப்படிப் போகிறது தெரியுமா? மாமா பிரஸ்ஸுக்குக் கிளம்புவதற்கு முன்னால் ஸ்கூட்டரை எடுக்கிறார். நான் பின்னால் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு உட்காருகிறேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவர் முன்கூட்டியே "பள்ளம்" என்று சொல்கிறார். நேற்று சொல்ல மறந்துவிட்டார். ஒரு பிறந்தநாள் கேக், குழந்தையின் பெயரோடு, ஒரு பக்கமாகச் சரிந்துவிட்டது. அந்த வீட்டு அம்மா திறந்து பார்த்துவிட்டு மூடி வைத்தார். நான் காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.

அவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. "நான் அன்னிக்கே சொன்னேன்ல" என்று ஒரு தரம் சொல்லியிருந்தால்கூட நானும் பதிலுக்கு இரண்டு பேசி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். அவர் சொல்லவே இல்லை. உன் பேச்சு வரும்போதெல்லாம் எழுந்து போய்த் தண்ணீர் குடிக்கிறார். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

வாசலில் வண்டிக்கென்று ஒதுக்கின இடத்தில் பக்கத்து வீட்டுக்காரி துணி காயப்போட ஆரம்பித்துவிட்டாள். "கார் எங்கே, கண்ணுலயே படல?" என்று கேட்கிறாள். "தம்பிகிட்ட இருக்கு, அவனுக்கு அவசரமா தேவைப்பட்டுது" என்று சொல்லிவைத்தேன். உன்னைக் காப்பாற்ற நான் பொய் சொல்கிறேன் பார்! வண்டிக்கு வாங்கின உறை மடித்தபடி பீரோ மேல் இருக்கிறது. குட்டி அதைப் போர்த்திக்கொண்டு யானை விளையாட்டு விளையாடுகிறாள்.

ஹோட்டலில் இருந்து போன் வந்தது. "மேடம், எப்ப ஆரம்பிக்கறீங்க?" என்றார்கள். உன்னைப் போலவே நானும் "அடுத்த வாரம்" என்றேன். சொல்லும்போது நாக்கு கூசியது.

பதில் வரவில்லை என்றால் நானே நேரில் வருகிறேன். பின்குறிப்பு ஒன்றும் இல்லை, மூன்று சுழி மட்டும்.

அக்கா

•

ஜூன் 20

அக்கா,

நேரில் வர வேண்டாம். தயவுசெய்து வராதே. இங்கே இப்போது மாதக் கடைசிக் கெடுபிடி. மேனேஜர் எல்லாரிடமும் எரிந்து விழுகிறார். என்னோடு இருந்த இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நீ வந்து நின்றால் எனக்கு என்ன செய்வதென்று தெரியாது.

கியர் வேலை எப்படியும் முடிந்துவிடும். ஒன்று மட்டும் கேட்கிறேன், தப்பாக நினைக்காதே. கொஞ்ச நாளைக்கு ஏசி இல்லாமல் வன்டி ஓட்டினால் உனக்குப் பரவாயில்லையா? சும்மாதான் கேட்டேன்.

தம்பி

•

ஜூன் 28

தம்பிக்கு,

நான் வந்தேன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீ அங்கேதான் நின்றாய். ஆனாலும் எழுதுகிறேன். அன்றிலிருந்து வாய்க்குள்ளேயே ஏதோ நிற்கிறது, காகிதத்திலாவது துப்பிவிடலாம் என்று பார்க்கிறேன்.

கியர் கெட்ட வண்டியில் ஏசி எங்கே போகும் என்று உன் கடிதத்தைப் படித்ததும் எனக்குப் பொறி தட்டிவிட்டது. முதல் பஸ்ஸைப் பிடித்தேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று உன்னைப் பார்த்தேன். கையில் டீ தட்டு. சோபாவில் ஒரு குடும்பம். நீ குனிந்து டீ கொடுத்துக்கொண்டே, "ஒரு டீச்சர் ஓட்டினது சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தாய். எத்தனை டீச்சர்டா உங்களுக்கு!

நான் உன்னிடம் வராமல் நேராகப் பின்பக்கம் போனேன். யாரும் தடுக்கவில்லை. தகரக் கூரைக்குக் கீழே கடைசியில், சுவரை ஒட்டி என் வண்டி. பானெட் திறந்தபடி. டயரில் காற்று இறங்கி, நான் மாட்டின சீட் கவர் மேல் யாரோ சாப்பாட்டு டப்பாக்களை அடுக்கி, பக்கக் கண்ணாடியில் சட்டையைக் காயப்போட்டு. என்ஜின் பக்கத்தில் ஏதோ கழற்றின இடம் ஓட்டையாக இருந்தது. இவ்வளவுக்கும் மேலே, மஞ்சளில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும், இரண்டு சுழி போட்ட உன் கையெழுத்து.

அங்கேயே நின்று கத்தினேன். கேக் செய்கிற கையை ஆட்டி ஆட்டிக் கத்தினேன். இத்தனை பேர் வேலை செய்கிற இடம் அவ்வளவு சீக்கிரம் அமைதியாகும் என்று நான் நினைக்கவில்லை. உங்கள் மேனேஜர் ஓடிவந்தார். பின்னாலேயே நீயும் வந்தாய், தட்டைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல்.

அவர் உன்னைக் காட்டி என்னிடம் கேட்டார். "மேடம், இவரு உங்களுக்கு என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம்," என்றேன். "எனக்கு என் வண்டிதான் வேணும்."

அவருக்குப் புரியவில்லை. "இல்ல, கண்ணாடில நம்ம வண்டின்னு எழுதியிருக்கே. உங்களுக்குச் சொந்தமா?"

"எனக்கு இவரு யாரும் இல்ல. வண்டி வித்தவரு, அவ்வளவுதான்."

அப்போது நீ என்னைப் பார்ப்பாய் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டு, "ஆமா சார், தப்பா எழுதிட்டாங்க. கஸ்டமர் வண்டிதான்" என்றாய்.

அவ்வளவுதான். ஒரு ஆள் துணியோடு வந்து அந்த எழுத்தைத் துடைத்தான். இன்னொருவன் டப்பாக்களை எடுத்தான். எனக்கு நாற்காலி போட்டார்கள், குளிர்ந்த தண்ணீர் கொடுத்தார்கள். என் வீட்டுக்கு நான் வந்து சேர்வதற்குள் மேனேஜரே போன் செய்து மன்னிப்புக் கேட்டார்.

தண்ணீரை நான் குடித்தேன். அதுதான் எனக்கு இப்போது கேவலமாக இருக்கிறது. தூக்கி வளர்த்த தம்பியை நாலு பேர் முன்னால் யாரும் இல்லை என்று சொல்லிவிட்டு, அதற்குக் கூலி மாதிரி அந்தத் தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன். மாமா "என்ன ஆச்சு?" என்று கேட்டார். "ரெடி பண்ணித் தர்றாங்களாம்" என்றேன். மீதியைச் சொல்ல வாய் வரவில்லை.

ஹோட்டல்காரர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். நேற்றுத்தான் சொன்னார்கள். அதற்கு நான் உன்மேல் கோபப்பட்டிருப்பேன். ஆனால் இப்போது கோபப்பட எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்று தெரியவில்லை. நீ ஏன் அப்படிச் சொன்னாய்? என்மேல் கோபமா, இல்லை, என்னை அக்கா என்று சொல்ல வெட்கமாக இருந்ததா?

அக்கா

•

ஜூலை 3

அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தைப் பல தரம் எழுதிக் கிழித்தேன். இனிக் கிழிக்க மாட்டேன். சுருட்டி எறிந்ததை எல்லாம் பார்த்துவிட்டு, ரூமில் கூட இருப்பவன் எனக்கு ஏதோ காதல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.

கண்ணாடியில் நான் எழுதினேனே, அந்த இரண்டு வார்த்தை. முன்பக்கம் இருக்கிற எனக்கு அது ஒரு பாசம். பின்பக்கம் அதற்கு வேறு அர்த்தம். எழுதிச் சில நாள் கழித்து பார்ட்ஸ் ரூம்காரர்தான் சிரித்துக்கொண்டே சொன்னார். "அப்படிப் போட்டா, சத்தம் போட ஆள் இல்லைன்னு அர்த்தம் சார். கடைசியா பார்த்துக்கலாம்னு அர்த்தம்." அங்கே வேலை செய்பவர்களின் வீட்டுக் கார்கள் எல்லாம் அப்படித்தான் அந்தச் சுவர் ஓரம் போய்ச் சேருமாம். உனக்கென்று வந்த பல்சக்கரம் உண்மையில் எப்போதோ வந்துவிட்டது. சத்தம் போட்ட இன்னொருவர் காரில் அதைப் போட்டு அனுப்பிவிட்டார்கள். உன் காரை எல்லாருக்கும் முன்னால் நிற்கவைக்கத்தான் எழுதினேன். நானே அதைக் கடைசியில் கொண்டுபோய் நிறுத்திவிட்டேன்.

இது வரைக்கும் தெரியாமல் செய்தது. அடுத்தது தெரிந்தே செய்தது.

நான் விற்ற இன்னொரு கார், உன்னுடையது மாதிரியே. ஏசி வேலை செய்யவில்லை என்று அந்த ஆள் குழந்தைகளோடு வந்து ஷோரூம் நடுவில் நின்று என் பேரைச் சொல்லிக் கத்தினார். மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சுவர் ஓரம் நம்ம ஆளுங்க காரு ஒண்ணு நிக்குதே, அதுல இருந்து கம்ப்ரசரைக் கழட்டிப் போடு. அவங்க என்ன, சண்டைக்கா வரப்போறாங்க? வேணாம்னா சொல்லு, நீயும் அந்த ரெண்டு பேரு மாதிரி கிளம்பலாம்." நான் தலையை ஆட்டினேன், அக்கா. உனக்கு ஏசி எதற்கு என்று தெரிந்தேதான் ஆட்டினேன். அந்த ஆள் போகும்போது என் கையைப் பிடித்துக் குலுக்கி, "நல்லா குளிருது தம்பி" என்று பாராட்டிவிட்டுப் போனார். அன்று முழுக்க அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

எழுத்தை அழிக்க ஒரு தரம் துணியோடு போனேன். அழித்தால், ஏன் அழிக்கிறாய் என்று கேட்பார்கள். அக்கா இல்லை, யாரோ கஸ்டமர் என்று சொன்னால்தான் வேலை நடக்கும். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கம்ப்ரசரைக் கழற்றத் தலையாட்டினவனுக்கு இதைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லையாம்! என் லட்சணத்தைப் பார்த்துக்கொள்.

அதனால்தான் நீ வந்து சொன்னபோது நான் உடனே ஒட்டிக்கொண்டேன். கோபம் இல்லை. உன்னைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை. நீ "யாரும் இல்ல" என்றதும் நெஞ்சில் யாரோ மிதித்த மாதிரி இருந்தது. அதே நொடியில், அப்பாடா, இனி காரைப் பார்த்துவிடுவார்கள் என்றும் இருந்தது. அப்பாடா என்று நினைத்தேனே, அதுதான் இப்போது என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

இரண்டு வேலையும் முடிந்துவிட்டது. கியரையும் ஏசியையும் நானே ஓட்டிப் பார்த்தேன். கம்பெனி டிரைவர் திங்கட்கிழமை கொண்டுவந்து விடுவார். நான் வரவில்லை. மாமா முகத்தில் எப்படி முழிப்பேன்? ஹோட்டல் விஷயத்துக்கு நான் என்ன சொன்னாலும் அது வாய் வார்த்தைதான், அதனால் ஒன்றும் சொல்லவில்லை. கார் நல்லபடியாக ஓடட்டும்.

தம்பி

•

ஜூலை 10

தம்பிக்கு,

வண்டி வந்தது. பளபளவென்று கழுவித் துடைத்து, உள்ளே வாசனையெல்லாம் அடித்து, டிரைவர் என்னிடம் "மேடம், மேடம்" என்று நாலு தரம் சொல்லிச் சாவியைக் கொடுத்தார். நான் கையெழுத்துப் போட்டேன். உள்ளே உட்கார்ந்து பார்த்தேன். வேறு யாருடைய காரிலோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது.

உன் கடிதத்தை மாமாவிடம் கொடுத்தேன். என் கடிதத்தில் எழுதினதையும் வாயால் சொன்னேன், தண்ணீர் குடித்தது வரைக்கும். அவர் படித்து முடித்து, மடித்து, உறைக்குள் திரும்ப வைத்தார். பிறகு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். இந்தத் தரம் எனக்கும் ஒரு தம்ளர் கொண்டுவந்தார்.

இன்று காலையில் ஒரு கிளினிக்குக்குக் கேக் எடுத்துப் போனோம். நான் ஓட்டினேன். மாமா பக்கத்தில், டப்பா பின் சீட்டில். ராத்திரி மழை பெய்து, வெளியே ஈரக்காற்று. கிரீமுக்காக ஏசியை நன்றாகக் கூட்டி வைத்தேன். தெருமுனை திரும்பும்போது முன் கண்ணாடியில் வெளிப்பக்கம் வெள்ளையாகப் பனி பூத்தது. பூத்த இடத்தில் நடுவில் மட்டும் ஏதோ கோடு கோடாகப் படியாமல் நின்றது. வண்டியை ஓரம் கட்டினேன். உள்ளேயிருந்து பார்த்தால் எல்லாம் தலைகீழ் மாதிரி, இடம் வலம் மாறித் தெரிந்தது. மாமா இறங்கி முன்னால் போய் நின்று படித்தார்.

துணியால் துடைத்தார்கள், என் கண்ணெதிரே துடைத்தார்கள். மெழுகு போகவில்லையடா. அப்படியே இருக்கிறது, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும்.

நான் வைப்பரைப் போட்டேன். போய்விட்டுத் திரும்ப வந்தது. இறங்கித் துடைக்கலாம் என்று துணியை எடுத்தேன். மாமா, "விடு, இருக்கட்டும்" என்றார். அப்புறம், "வண்டின்னு எழுதத் தெரியாதவன்கிட்ட போய் வண்டி வாங்கியிருக்கோம் பாரு" என்று சொல்லிவிட்டு நடுத்தெருவில் நின்று சிரித்தார். உன் பேச்சு எடுத்து அவர் சிரித்து எவ்வளவு காலம்! நான் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன். எனக்குச் சிரிக்க வரவில்லை.

உன் போன கடிதத்தை மறுபடி படித்தேன். முதலிலிருந்து கடைசி வரை கார், கார் என்றே எழுதியிருக்கிறாய். ஒரு இடத்தில்கூட வண்டி என்ற சொல்லே இல்லை. அது சுழிக்குப் பயந்து இல்லை என்று எனக்குத் தெரியும். நீ செய்தது சின்னக் காரியம் இல்லை, அதை நான் சின்னது என்று எழுத மாட்டேன். நான் சொன்னதும் சின்னது இல்லை. உன் கண்ணெதிரே "இவரு யாரும் இல்ல" என்று சொன்ன வாயால், உன்னைக் கடிதத்தில் சமாதானம் செய்ய எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

உன் நம்பரைத் திறந்துவிட்டேன். ஆனால் போன் பண்ணாதே. ஞாயிற்றுக்கிழமை நேரில் வா. மாமா வாசலில்தான் உட்கார்ந்திருப்பார், அவரைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டும். வேறு வழி வைக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரியும் பார்த்துக்கொண்டிருப்பாள். யார் என்று கேட்டால் நான் சத்தமாகச் சொல்கிறேன்.

வரும்போது அந்த மஞ்சள் பென்சிலைக் கொண்டுவா. ஒரு சுழி குறைகிறது.

அக்கா